கற்பாசிக்கு வேர் இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. கற்பாசிக்கு வாயோடு வேரும் இருந்தது.

ஒருநாள் எரிமலை வெடித்து, சுற்றியிருந்த காட்டை ஒரே மூச்சில் பொசுக்கிப்போட்டது. நெருப்புக் குழம்பு ஆறிக் கரும்பாறையாக இறுகியது. பிழைத்தவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் ஒண்டிக்கொண்டு கற்பாசியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீ கொஞ்சம் போய்ப் பாரேன் அக்கா," என்றது புல். "உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

பொறுமைசாலி என்று யாராவது புகழ்ந்தால் பின்னாலேயே வேலை வரும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. போனாள். பாறையில் ஒரு சிட்டிகை மண் இல்லை. குப்புறப் படுத்து, தன் புளித்த எச்சிலால் கல்லை நக்கி நக்கிக் கரைத்தாள். வெயிலில் காய்ந்தாள், மழையில் ஊறினாள். நூறு வருஷத்தில் ஒரு விரற்கடை மண் சேர்ந்தது. அதில் வேரை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

மண் வாசனை அக்கரையை எட்டியதும் கும்பல் வந்து சேர்ந்தது. புல், பெரணி, பின்னாலேயே அத்திமரம்.

வந்தவர்களை நிற்கவைத்துவிட்டுத் தான் உட்காருவதா? வேரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சமாக மண்ணைப் பரிமாறினாள்.

"நீயும் உட்காரேன்," என்றது பெரணி, தன் வேரைப் பரப்பிக்கொண்டே.

"முதல்ல நீங்க ஆகட்டும். நான் கடைசிப் பந்தியில உட்கார்ந்துக்கறேன்."

பந்தி முடியவே இல்லை. அத்திமரம் காலை நீட்டியது, கிளையை விரித்தது. கற்பாசியின் மேல் வெயில் விழுவதும் நின்றுபோனது. கடைசியில் வாய்விட்டே கேட்டாள்.

"எனக்கு ஒரு விரல் இடம் கொடுங்களேன். நான் சேர்த்த மண்தானே?"

"நாங்க வந்தப்புறம்தானே இது காடாச்சு," என்றது அத்திமரம். "நீ கல்லுலயே பழகினவ. மண்ணெல்லாம் உனக்கு ஒத்துக்காது."

புல் வேறு பக்கம் பார்த்து அசைந்தது.

கற்பாசி இடுப்பிலிருந்து வேரை எடுத்தாள். சருகாகியிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

"மறுபடி மலை வெடிச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

"ஏன், நீ வரமாட்டியா?" என்றது அத்திமரம், நிஜமாகவே புரியாமல்.

அன்று முதல்தான் கற்பாசி வேரற்றவள் ஆனாள். மொட்டைப் பாறையிலும் அடுத்தவர் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறாள். எந்த மலை வெடித்தாலும், சூடு ஆறியதும் முதலில் போய்ப் படுப்பவள் அவள்தான். மண் சேர்ந்ததும் முதலில் எழுந்து போகிறவளும் அவளேதான்.