வழி கேட்காத மான்

ஏரிக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே தும்பை என்ற புள்ளிமான் படித்தது. ஏரியை இரண்டு சுற்று ஓடுவதுதான் அதன் போட்டி.

சேர்ந்த புதிதிலேயே, குறுகிய தூரம் ஓடும் முயல்கள் சிரித்தன. "ஒரே பாய்ச்சலில் ஓட உனக்கு வேகம் பத்தாது, போ!"

பத்துச் சுற்று ஓடும் ஓநாய்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. "எங்களோடு வர உனக்குத் தம் இல்லை. நீ ரெண்டுங்கெட்டான்!"

அன்றிலிருந்து தும்பை கூடப் படிப்பவர்கள் யாரோடும் பேசவில்லை. தனியாக மேய்ந்தது. தனியாகவே ஓடியது. மற்றவர்கள் ஓடி முடித்து விளாம்பழம் உடைத்துத் தின்பார்கள். தும்பை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தள்ளி நிற்கும்.

இரண்டு சுற்று ஓட ஒரு பெண் கடமானும் இருந்தது. "ஏ புள்ள, சேர்ந்து ஓடலாமா?" என்று ஒருநாள் கேட்டது. தும்பைக்கு ஆசைதான். ஆனால் பேச வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. கடமான் அப்புறம் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷப் போட்டியில் தும்பை எடுத்த எடுப்பிலேயே முன்னால் பறந்தது. கடைசியில் மூச்சு வாங்கித் தோற்றது.

"முதல் சுற்றில் அடங்கி ஓடு, அப்புறம் பாய்! அதுக்குக் கூட்டத்தோட ஓடிப் பழகணும்" என்றார் விளையாட்டு வாத்தியார் ஆமை.

"தனியா ஓடினாத்தான் சார் எனக்கு வரும்" என்று முணுமுணுத்தது தும்பை.

கடைசி வருஷமான மூன்றாம் வருஷம் வந்தது. ஜெயிப்பவர் ஏழு காடுகளும் சேர்ந்து நடத்தும் பெரிய போட்டிக்குப் போகலாம். தோற்றால் தும்பையின் ஓட்டம் இதோடு சரி.

அதே போட்டியில் ஓடும் நரி, கூட ஓடும் பன்றியிடம் போனது. "மாப்ளே, நீ உள்பக்கமா முன்னால ஓடு. மான் உன் பின்னால மாட்டிக்கும்!"

"அது வழி கேட்டா?" என்றது பன்றி. பின்னால் வருபவர் வழி கேட்டால் முன்னால் ஓடுபவர் ஒதுங்க வேண்டும். அது அந்தக் கரையின் வழக்கம்.

"கேக்காது! மூணு வருஷத்துல அது குரலை நீ கேட்டிருக்கியா?"

மணி அடித்தது. தும்பை அடங்கியே ஓடியது. ஒரு பக்கம் ஏரிச் சேறு. மறுபக்கம் கடமான். முன்னால் பன்றி. இரண்டாம் சுற்றில் பாதி தாண்டியாயிற்று. காலில் பலமெல்லாம் மிச்சம் இருந்தது. போகத்தான் இடமில்லை.

ஒரு வார்த்தை போதும். தும்பை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

நரி வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் ஜெயித்துவிட்டது!

கடமான் மூச்சிரைக்க ஓடி வந்தது. "அடிப்பாவி! ஒரு குரல் கொடுத்திருந்தா நான் விலகியிருப்பேனே! ஏன் கூப்பிடல?"

"எப்படிக் கூப்பிடறது? உங்க பேரு எனக்குத் தெரியாதே" என்றது தும்பை.

"மூணு வருஷமா ஒரே மரத்தடியில படுக்கிறோம்!"

தும்பை அழுதது. கடமான் அதன் பக்கத்தில் வந்து நின்றது.

"என் பேரு அலரி" என்றது.

அப்போது கல்லூரி முடிந்து எல்லாரும் அவரவர் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

கால் எவ்வளவு வேகமானாலும், பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்காதவருக்கு வழி கிடைக்காது.