கடைசித் துண்டு கத்தரிக்காய்

தட்... தட்... என்று ஆளில்லாத ஒரு படகு கல்துறையில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் ஹெய்சாகுவின் காதைவிட்டுப் போகவில்லை. அலை வரும்போது ஓர் இடி. அலை திரும்பும்போது கயிறு முறுகும் முனகல். இருபத்தாறு வயதில், ஒரே ஒரு மழைக்காலம் அதைக் கேட்டார். பிறகு ரயில் பாதையோரம் கேட் திறந்து மூடி முப்பது வருஷம் வாழ்ந்தும் அது அடங்கவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. மனைவி போனபின் கடலுக்கு வெகு தூரத்தில், மலையடிவார ஊர் ஒன்றின் சிறிய மடத்தில் சீடராகச் சேர்ந்து, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரு மியோரென் என்ற பெண் துறவி. அவளுக்கு நாற்பத்து மூன்று.

இலையுதிர் காலத்தின் முடிவில் மடத்துக் கத்தரிச் செடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். அன்றைக்குக் கிடைக்கும் கடைசிக் காய்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு குருவும் சீடரும் தொகியேயின் இஸகாயாவுக்கு இறங்கி வருவார்கள். இஸகாயா என்பது அந்த நாட்டில் மாலையில் குடிக்கவும் கொறிக்கவும் போகிற கடை. சின்னச் சின்னத் தட்டுகளாக ஒவ்வொன்றாக வரும். தட்டு நடுவில் இருக்கும். எல்லோரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் போனபோது மணி ஐந்து. தொகியே அப்போதுதான் வாசலில் துணித்திரையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் தெருவில் இருந்தது.

"வாருங்கள் அம்மா" என்றாள். ஹெய்சாகுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "மாணவர் போன வருஷத்தைவிட வளர்ந்திருக்கிறாரே. சட்டையெல்லாம் குட்டையாகிப்போயிருக்குமே."

"இன்னும் வளர்கிற வயதுதான்" என்றாள் மியோரென்.

ஹெய்சாகு சிரிக்கவில்லை. அவருடைய அங்கியின் கைமடிப்பில் ஒரு தபால் அட்டை இருந்தது. பத்து நாளாக அதை அங்கேதான் வைத்திருந்தார். குளிக்கும்போது எடுத்து வெளியே வைப்பார், குளித்ததும் திரும்ப வைப்பார்.

கேட்காமலே வரும் முதல் கிண்ணம் வந்தது. எள் அரைத்துப் பிசறிய கீரை. குருவுக்கு பார்லித் தேநீர், சீடருக்கு ஒரு சிறு குடுவை வெதுவெதுப்பான சாக்கே மது. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கமில்லை. அதனால் அவருக்கு அவள் ஊற்றினாள், அவளுக்கு அவர் ஊற்றினார்.

பிறகு கத்தரிக்காய் வந்தது. நீளவாக்கில் அரிந்து, சோயா விழுது தடவிக் கரியில் சுட்டது. ஏழு துண்டுகள். தொகியே அந்தப் பருவத்துக்கு அதுதான் முடிவு என்றாள். மற்ற வாடிக்கைக்காரர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவதாகவும், அவர்கள் முறைத்தால் மடத்துப் பக்கம் கையைக் காட்டிவிடுவதாகவும் சொன்னாள்.

முதல் துண்டைத் தின்றபோது மியோரென் கண்ணை மூடிக்கொண்டாள். ஹெய்சாகு அதைப் பார்த்தார். பிறகு இருவரும் மாறிமாறி எடுத்துத் தின்றார்கள். தட்டில் ஒரு துண்டு மிச்சமானபோது இருவருடைய சாப்பாட்டுக் குச்சிகளும் ஒரே நேரத்தில் கீழே போய் அமர்ந்தன.

அந்த ஊரில் அதற்கு ஒரு பெயரே உண்டு. கூச்சத்துண்டு என்பார்கள். நடுத்தட்டில் கடைசியாகக் கிடப்பதை ஒருவரும் தொடமாட்டார்கள். எல்லோருக்கும் அது வேண்டும், எல்லோரும் அது அடுத்தவருக்கு என்பார்கள்.

ஹெய்சாகு தட்டை ஒரு விரற்கடை குருவின் பக்கம் தள்ளினார்.

கொஞ்ச நேரம் கழித்து மியோரென் அதை ஒரு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளினாள்.

அந்த வழியாக வந்த தொகியே நின்று பார்த்துவிட்டு, "அது தூங்கட்டும் என்று விட்டிருக்கிறீர்களா? தாலாட்டு வேண்டுமானால் பாடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் ஹெய்சாகு தபால் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மூன்று வருஷமாக மடத்தில் இருந்தும் தனக்கு ஒரு தம்பி உண்டென்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொன்னார். தம்பி பெயர் ரியோகிச்சி. மீன்பிடி ஊர். அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தது ஒரே படகு. யாருக்கு என்று அப்பா சொல்லவில்லை. தம்பிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் அதைத் தொடவில்லை. தினமும் விடியலில் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். தம்பியும் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனான். எடுத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டியது போலாகிவிடும் என்று அண்ணன் சொல்லவில்லை. மழைக்காலம் முழுக்க அது துறையில் இடித்துக்கொண்டே கிடந்தது. ஒரு நாள் காலையில் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது கயிறு மட்டும் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது, படகு அடியில் கிடந்தது.

விட்டுக்கொடுத்ததை இப்படித் தூக்கி எறிந்துவிட்டானே என்ற கோபத்தில் அண்ணன் ரயில் ஏறினார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மியோரென் அட்டையைப் படித்தாள். தம்பியின் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள். ரியோகிச்சிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்கிறார். பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தனியாகத்தான் கிடக்கிறார். காய்ச்சல் ஏறும்போதெல்லாம், அண்ணன் எடுப்பார் என்றுதானே அந்தப் படகைத் தொடாமல் விட்டேன் என்று பிதற்றுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று தோன்றியது.

அட்டையைக் கீழே வைத்தாள்.

"அவன் ஊருக்கு பஸ் இந்தக் கடை வாசலிலிருந்துதான் புறப்படுகிறது, அம்மா" என்றார் ஹெய்சாகு. "சாயங்காலம் ஆறேகாலுக்கு. இரண்டரை மணி நேரம். தினமும் அது போகிறதைத் தோட்டத்திலிருந்து பார்க்கிறேன்."

"ஆமாம். மேலே மடத்துக்குச் சத்தம் கேட்கும்."

"அவன் கூப்பிடவில்லை."

மியோரென் தேநீரைக் குடித்தாள்.

போகலாம்தான் என்று அவர் சொன்னார். ஆனால் காய்ச்சலில் உளறியது என் காதுவரை வந்துவிட்டது என்று தெரிந்தால் கூனிக்குறுகிப் போய்விடுவான். நான் வாசலில் போய் நின்றால், முடியாத உடம்போடு எழுந்து உட்கார்ந்து குனிந்து வணங்குவான், எனக்குப் படுக்கை விரிக்கப் பார்ப்பான். சாகிறதைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுகூட நினைக்கலாம். அவனாக ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே புறப்பட்டுவிடுவேன். அதுவரை காத்திருப்பதுதான் அவனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொல்ல வெகு நேரம் ஆயிற்று. நடுநடுவே நின்றார். இதற்குள் கடையில் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். மரக்கடைக்காரர் ஒருவர் வழக்கம்போல மியோரெனை ஹெய்சாகுவின் மகள் என்று நினைத்து, நல்ல பெண்ணைப் பெற்றிருக்கிறீர்கள் என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஹெய்சாகு வழக்கம்போல நன்றி சொன்னார்.

"காத்திருப்பது சரிதானா, அம்மா?"

மியோரென் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். கத்தரிக்காயின்மேல் இருந்த பளபளப்பு போய்விட்டிருந்தது. விழுது ஓரத்தில் காய்ந்து கருக்க ஆரம்பித்திருந்தது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

நான்கு பேர் இடம் கேட்டு வாசலில் நின்றார்கள். தொகியே ஈரத்துணியோடு வேகமாக வந்தாள். காலிக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாள். கத்தரிக்காய்த் தட்டை எடுத்தாள். அந்தத் துண்டை விரலால் வாளியில் வழித்துத் தள்ளினாள். தட்டை அடுக்கின்மேல் வைத்தாள். மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹெய்சாகுவின் கை பாதி தூரம் எழுந்து, காற்றில் நின்றிருந்தது.

"வேண்டியிருந்ததா?" என்று கேட்டாள் மியோரென்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பொய் சொல்லலாமா என்று பார்த்தார்.

"ஆமாம்."

"எனக்கும்தான்" என்றாள். "காலையிலிருந்து அதே நினைப்பு. செடியைப் பிடுங்கும்போதே நாக்கில் ஊறியது."

"நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றுதான் நான்..."

"தெரியும். நானும் அப்படித்தான்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி, இன்னொரு தட்டு கிடைக்குமா என்று கேட்டார். தொகியே புகைக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்காமல், அடுத்த வருஷம் அண்ணா, அடுத்த வருஷம் என்றாள்.

ஹெய்சாகு திரும்பி உட்கார்ந்தார். துடைத்த மேசையின் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தார்.

"நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள்" என்றார்.

மியோரென் அவருடைய கோப்பையை எடுத்தாள். குடுவையில் மிச்சம் இருந்ததை அதில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்கவில்லை.

"அவள்மேல் தப்பில்லை, ஹெய்சாகு. மேசையைத் துடைப்பதுதான் அவள் வேலை."

அவர் குடிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். குருவுக்கு வணக்கம் சொல்ல மறந்துபோய், துணித்திரை தலையில் சிக்க, வெளியே நின்ற பஸ்ஸை நோக்கிப் போனார்.

ரியோகிச்சி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார், அதற்குப் பிறகு வந்த ஐந்தையும் தாண்டினார். ஹெய்சாகு நான்கு வருஷம் தம்பியின் வீட்டில் இருந்தார். முதலில் இறந்தது அண்ணன்தான்.