முதலிடத்து மாலை வாசலுக்கு வரும்

நெடுவாசற்கோட்டையை ஆண்ட திம்மப்ப நாயக்கருக்குப் பாட்டுக் கேட்பதைவிட, எந்தப் பாட்டு உயர்ந்தது என்று பிறர் சண்டை போடுவதைக் கேட்பதில் ருசி அதிகம். அந்த ஊர்ப் பாடகர்கள் புதுப் பாட்டுகளைத் தொகுத்து ‘மாலை’ என்று பெயரிட்டு அரங்கேற்றுவார்கள். பங்குனி முடிவில் ரசிகர்கள், வீட்டுக்கு ஓர் ஓலை வீதம், வீட்டுப் பெயரோடு, அந்த ஆண்டில் பிடித்த பத்து மாலைகளை வரிசையாக எழுதி அரண்மனைக் குடத்தில் போட வேண்டும்.

எல்லா ஓலைகளையும் கூட்டி ஒரே வரிசையாக்கும் வேலை சபையில் இருந்த உலகளந்தார் தலையில் விழுந்தது. குடவோலை பழைய முறைதான். ஆனால் பழைய காலத்தில் குடத்தைக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள், கணக்குப் போடவில்லை. அவர்கள் விவரமானவர்கள் என்று உலகளந்தாருக்குப் பட்டது.

“வரிசையின்மேல் ஓலை போட்டவர் எவரும் ஆட்சேபம் சொல்லக் கூடாது” என்றார் மன்னர்.

“சொன்னால், மன்னா?”

“போன வருஷம் வரிசை போட்டவர் இப்போது எங்கே?”

“கடற்கரை உப்பளத்தில்.”

“அங்கே இன்னொருவருக்கும் இடம் இருக்கிறதாம்.”

முதலிடம் பெறுபவருக்கு ஓராண்டு சங்கீத மண்டபம் சொந்தம். அப்போது அது வடிவு என்ற பாடகியிடம் இருந்தது. அவளுடைய ‘கோடைமழை மாலை’யை ஊரில் முணுமுணுக்காத வாய் இல்லை. ஆகவே உலகளந்தார் கவலையில்லாமல் குடத்தைக் கவிழ்த்தார்.

முதல் ஓலையில் முதலிடம் ‘அசுவ மாலை’. அடுத்த ஓலையிலும் அதுவே. எந்த ஓலையை எடுத்தாலும் அதுவே. வடிவின் மாலை எல்லாவற்றிலும் இரண்டாவதாக நின்றது.

அசுவ மாலையைக் கட்டியவர் சுங்க அதிகாரி சேஷப்பர், மன்னரின் தங்கை கணவர். குதிரையைக் குளம்பில் தொடங்கி வர்ணிக்கும் நூற்றெட்டுப் பாட்டு. அரங்கேற்றத்தன்று அவர் குதிரையின் காதுக்கு வந்து சேர்வதற்குள், மண்டபத்தில் மிஞ்சியிருந்தவர் வாயிற்காவலர் மட்டுமே. அவருக்கு அது வேலை.

உலகளந்தார் மிளகு வணிகர் நல்லபெருமாள் செட்டியாரை வழிமறித்தார்.

“செட்டியாரே, அசுவ மாலையில் உமக்குப் பிடித்த பாட்டு எது?”

“சுங்கச்சாவடியில் என் வண்டி நிற்கிறது, ஐயா.”

“அது எத்தனையாவது பாட்டு?”

செட்டியார் சாவடிப் பக்கம் நடையைக் கட்டினார்.

சற்று நேரத்தில் வடிவு வந்தாள். “மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்துவிட்டது, ஐயா. என்னை நம்பிப் பக்கவாத்தியக்காரர்களும் அவர்கள் குடும்பங்களும் இருக்கிறார்கள். பெட்டி கட்டட்டுமா?”

“பாதி கட்டி வை, அம்மா” என்றார்.

மறுநாள் சபையில் உலகளந்தார் எழுந்தார்.

“வரிசை அநேகமாக முடிந்தது, மன்னா. முதலில் நிற்பது அசுவ மாலை.”

சேஷப்பர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

“இவ்வளவு ருசியுள்ள குடிகளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும். எந்த வீட்டார் எந்த மாலைக்கு முதலிடம் கொடுத்தார்களோ, அதை அவர்கள் வாசலிலேயே நாள்தோறும் விடியுமுன் பாடலாம். ஓராண்டுக்கு.”

“நல்ல யோசனை. யார் பாடுவது?”

சேஷப்பர் முந்திக்கொண்டார். “என் சீடர்கள் பாடுவார்கள், மச்சான். நூற்றெட்டில் ஒன்றைக்கூட விட மாட்டார்கள்.”

“தவில் வேண்டாமா?” என்றார் உலகளந்தார்.

“வேண்டும். நல்லவேளை, நினைவுபடுத்தினீர்.”

“கைதவறி இடம் மாற்றி எழுதியவர்கள் நாளை பொழுது சாய்வதற்குள் ஓலையைத் திருத்தலாம் என்றும் தண்டோராவில் சேர்க்கலாமா, மன்னா? வாசல் தவறிப் பாடிவிடக் கூடாது.”

“சேர்த்துக்கொள்ளும்.”

மறுநாள் உலகளந்தார் வீட்டிலிருந்து யானைக்கொட்டில் வரை ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்கு எழுதும்போது கண்ணில் தூசி. ஒருவர் ஓலையைத் தலைகீழாகப் பிடித்து எழுதிவிட்டாராம். செட்டியாரும் வந்தார்.

“உம் வண்டி இன்னும் சாவடியில்தானே நிற்கிறது?”

“அங்கே போவது மிளகு, ஐயா. இங்கே போவது தூக்கம்.”

பொழுது சாயும் நேரத்தில் கடைசியாக ஒரு மூடுபல்லக்கு வந்தது. உலகளந்தார் எழுந்து நின்றார்.

அடுத்த நாள் சபையில் வரிசையை வாசித்தார். முதலிடம், கோடைமழை மாலை. ரசிகர்கள் மண்டபத்துக்கே வந்து கேட்கச் சம்மதித்ததால் வடிவு வாசல் வாசலாக அலைய வேண்டியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அசுவ மாலை எத்தனையாவது?” என்றார் மன்னர்.

“வரிசையில் இல்லை, மன்னா. பத்தாவதாக எழுதக்கூட யாரும் துணியவில்லை.”

“நான் ஆட்சேபிக்கிறேன்” என்றார் சேஷப்பர்.

மன்னர் உலகளந்தாரைப் பார்த்தார். “உப்பளத்தில் நல்ல காற்று வருமாம்.”

“ஓலை போட்டவர் ஆட்சேபித்தால்தானே, மன்னா?”

“நானும் போட்டிருக்கிறேன். என் ஓலையில் அசுவ மாலைதான் முதல்” என்றார் சேஷப்பர்.

“வீட்டுக்கு ஓர் ஓலை. தங்கள் வீட்டு ஓலை இதோ. முதலிடம் கோடைமழை மாலை. இதன்படியேதான் வரிசையும் இருக்கிறது. ஆட்சேபம் எதன்மேல் என்று சொன்னால் கவனிக்கிறேன்.”

“இது என் கையெழுத்தே இல்லை.”

மன்னர் ஓலையை வாங்கிப் பார்த்தார். “என் தங்கையின் கையெழுத்து.”

“நேற்றுச் சாயங்காலம் வந்தார்கள், மன்னா. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்கள்.”

“என்ன சந்தேகம்?”

“வாசலில் பாடப்போவது, இப்போது வீட்டுக்குள் பாடுவதற்குப் பதிலாகவா, அதற்கு மேலாகவா என்று. மேலாக என்றேன். எழுத்தாணியைக் கேட்டார்கள்.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கவரி வீசுபவள் வீச மறந்தாள். செட்டியாரின் வண்டி மன்னர் உத்தரவோடு அன்றே சாவடியைக் கடந்தது. வடிவு பாதி கட்டிய பெட்டியைப் பிரித்தாள். என்ன பரிசு வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, அடுத்த ஆண்டு குடத்தைக் குலுக்கி ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார் உலகளந்தார்.