அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள்

பிறர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நம்மில் யாருக்குத்தான் பிடிக்காது? இந்தக் கதையில் அந்த ஆசையைத் தாராளமாகத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு கல்யாணம் நின்றுபோனது. நிறுத்தியவர் யார் என்று ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். இரண்டு பெயர் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

ஈரோட்டை அடுத்த ஒரு குடியிருப்பில் தனபாக்கியம் தன் மகள் யமுனாவோடு ஒன்பது வருடமாக இருந்துவந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். குடிவந்த வாரத்தில் யாரோ, "உங்க வீட்டுக்காரர் எங்கீங்க?" என்று கேட்க, "வெளியூர்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் அடுத்த கேள்வி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அவள் கைதேர்ந்துவிட்டாள். எதிரே ஆள் வந்தால் முகம் மலரச் சிரிப்பாள். அவர்கள் வாய் திறக்குமுன், "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேனுங்க" என்று நகர்ந்துவிடுவாள். காலை பத்து மணிக்கும் பால், மாலை நாலு மணிக்கும் பால். "சிரி, ஆனா நிக்காதே" என்று மகளையும் பழக்கினாள். தெருவில் அவர்களைக் குறை சொன்னவர் கிடையாது. அவர்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தவரும் கிடையாது.

யமுனாவுக்கு முப்பத்திரண்டு நடந்தபோது கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு முன் வந்தவை எல்லாம் அப்பன் கதை தெரிந்ததும் கழன்றுகொண்டவை. இந்த முறை தனபாக்கியம் முதல் சந்திப்பிலேயே மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். அந்த அம்மாள், "அதுக்குப் புள்ள என்னங்க பண்ணும்? புள்ள நல்ல புள்ளையா இருந்தாப் போதும்" என்றாள். தனபாக்கியத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் யமுனா மாப்பிள்ளையோடு போனில் பேசி வாய்விட்டுச் சிரிப்பதைச் சமையலறையிலிருந்து கேட்டாள். மகள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு நாள் காலையில் தெருவுக்கு வந்து மூன்று பேரிடம் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் தரகர் போன் செய்தார்.

"பொண்ணைப் பத்தி ஒருத்தரும் சரியா வாயே திறக்கலையாமுங்க. ஏதோ இருக்கும்போலன்னு பயப்படறாங்க. வேண்டாம்னுட்டாங்க."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தனபாக்கியம் அந்தத் தெருவில் வாசல் வாசலாக ஏறினாள்.

எதிர்வீட்டுச் சபாபதி ஓய்வுபெற்ற சர்வேயர். முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றாலே அவருக்கு ஆகாது. "எங்களுக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்கன்னு சொன்னேன். நெசந்தானுங்களே?" என்றார்.

மளிகைக் கடை மாரப்பன் நடந்ததை அவரே ஒப்புக்கொண்டார். கடையில் கூட்டம். ஆளை அனுப்பினால் போதும் என்று, "தங்கமான பொண்ணுங்க, கண்ணை மூடிட்டு முடிங்க" என்றிருக்கிறார். மாமன் விடாமல், "பொண்ணு பேர் என்னங்க?" என்று கேட்க, மாரப்பன் திருதிருவென்று விழித்திருக்கிறார். அத்தோடு அந்தப் பாராட்டு செல்லாக்காசாகிவிட்டது.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுத் தையல்காரி பங்கஜவல்லி. தெருவிலேயே யமுனாவை அறிந்தவள் அவள் ஒருத்திதான். போன ஐப்பசியில் டெங்கு வந்து அவள் சுருண்டு விழுந்தபோது, ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தது யமுனா. அந்த இரண்டு நாளில் தன் அப்பன் கதையையும் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்ட பங்கஜவல்லி, மாமன் கேட்டதும், "அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

"வாயைத் திறந்தா அடுத்தது அவங்கப்பாவைக் கேப்பாருன்னு பயந்துட்டேங்க்கா. பொய்யும் சொல்ல முடியாது, உண்மையச் சொல்லி உங்களைக் காட்டிக்குடுக்கவும் முடியாது. அதான் பேச்சே வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும். நானே சொல்லிட்டேன்."

பங்கஜவல்லி, "அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

தனபாக்கியம் வீடு திரும்பினாள். யமுனா கட்டிலில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் எண்ணைப் போனிலிருந்து அழித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லுங்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்ன சபாபதியா, தெரியாமலே புகழ்ந்த மாரப்பனா, தெரிந்தும் வாய் மூடிய பங்கஜவல்லியா, யாருக்கும் எதுவும் தெரியவிடாத தனபாக்கியமா? அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது யார்?

விடை: பெரும்பாலோர் தனபாக்கியத்தின் பெயரைச் சொல்வார்கள். பெற்றவள் மேல் பழி போடுவது எப்போதும் சுலபம். ஆனால் அவள் மறைத்தது தன் அவமானத்தை. அதையும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாள். சபாபதிக்கும் மாரப்பனுக்கும் சொல்ல எதுவும் தெரியாது. பங்கஜவல்லிக்குத் தெரியும். மாமன் கேட்டது பெண்ணைப் பற்றி, அப்பனைப் பற்றி அல்ல. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அந்தப் புள்ளதான் கூட இருந்து பார்த்துச்சு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்திருக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் வாயை மூடினாள் என்பது எனக்கும் தெரியும், அதற்காகத் தீர்ப்பை மாற்ற எனக்கு மனமில்லை. அவளுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். அந்த வாரமே தரகரிடம் எண் வாங்கி, மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "அன்னிக்குச் சொல்லத் தெரியலையேம்மா, இப்ப யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.