மைல்கல் சொல்லாத தூரம்

"நான் எதையெல்லாம் மறக்கணும், சார்?"

ஜெசிந்தா கேட்டாள். பிரசவ வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டு, புள்ளிவிவரங்களைப் படமாக வரையக் கற்றுக்கொள்ள இம்தியாஸிடம் வந்திருந்தாள்.

அவன் வயதில் இளையவன். ஆனாலும் அவள் அவனை சார் என்றாள். அவன் அவளை அக்கா என்றான்.

"ஏன் மறக்கணும்?"

"கூடப் படிக்கிறவங்க எல்லாரும் கணக்கு தெரிஞ்சவங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க. என் தலைக்குள்ள இன்னும் வார்டுதான் இருக்கு."

இம்தியாஸ் தான் வரைந்துகொண்டிருந்த படத்தை அவள் பக்கம் திருப்பினான்.

மாவட்டத்துக்குப் புதிதாக ஓர் ஆம்புலன்ஸ் வரப்போகிறது. எந்த ஊரில் நிறுத்துவது என்று முடிவு செய்ய அதிகாரிகள் கேட்டிருந்த படம் அது. நடுவில் ஆஸ்பத்திரி. சுற்றிலும் ஊர்கள், கிலோமீட்டர் கணக்குப்படி.

"பாருங்க அக்கா," என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான்.

திரும்பி வந்தபோதும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கூந்தமலை தப்பான இடத்துல இருக்கு, சார்."

"அளந்துதான் போட்டேன்."

"அளவு சரிதான். ஆனா அங்கேருந்து வர்றவங்கதான் எப்பவும் கடைசியா வருவாங்க. மலைமேல ரோடு கிடையாது, பிள்ளைத்தாச்சியைத் தூளி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிட்டு வரணும். அப்புறம் பஸ் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். சில பேர் வந்து சேரும்போது..."



இம்தியாஸ் தன் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.

அவள் கிலோமீட்டரை எடுத்துவிட்டாள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு, அதன்படி வரைந்தாள்.

மற்ற ஊர்கள் கொஞ்சம் நகர்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த கூந்தமலை, காகிதத்தின் ஓரத்துக்கே போய்விட்டது.

அதிகாரிகள் கூட்டத்தில் அந்தப் படத்தை வைத்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. வண்டி கூந்தமலை அடிவாரத்தில் நிற்கத் தொடங்கியது.

அடைமழைக் காலத்தில் ஒரு காலை, பழைய வார்டிலிருந்து தோழி ஒருத்தி போன் செய்தாள். கூந்தமலைப் பெண் ஒருத்தி நேரத்தோடு வந்துவிட்டாளாம். தலைப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம்.

ஜெசிந்தா நேராக இம்தியாஸிடம் போனாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, சார்."

"எனக்கு எதுக்கு?"

"நீங்கதானே கத்துக்கொடுத்தீங்க."

அவன் அவள் வரைந்த படத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த கூந்தமலையைக் காட்டினான்.

"அந்த மலையிலேருந்து நேரம் தவறி வந்தவங்க யாராவது பேரோட ஞாபகம் இருக்காங்களா, அக்கா?"

"ரங்கி." உடனே சொன்னாள். "என் கையைப் பிடிச்சபடியே போயிட்டா."

"அந்த நன்றியை அவங்ககிட்ட சொல்லுங்க."