பார்வையிட வந்த நாள்

ஆவாரங்காட்டு உழவுப் பள்ளிக்கு ஒன்றியம் கொடுத்துவந்த நிதி இந்த ஆண்டோடு நிற்கப்போகிறது என்று காதில் விழுந்ததும் வைரவன் நேரே நாற்றங்காலுக்குப் போனார். தவமணி அம்மாள் அங்கே முருங்கைக் கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். படிப்பைப் பாதியில் விட்ட கரிசல்காட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு பாத்தி கொடுத்து, வெள்ளாமை கற்றுக்கொடுத்தார். பிறகு பொறுப்பை வைரவனிடம் விட்டுவிட்டு நாற்றங்காலோடு ஒதுங்கிக்கொண்டார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் வைரவனுக்கு அவர்தான் குரு.

“இத எப்படிம்மா காப்பாத்துறது?”

“முடிவு பண்ணுறவுக யாரும் இங்க வந்திருக்காகளா?”

“ஒருத்தரும் வந்ததில்ல.”

“கூப்பிடு. வந்து பாக்கட்டும்.”

அழைப்பு போனது. ஒன்றிய உறுப்பினர்கள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வைரவன் வேலையில் இறங்கினார். கொட்டகைக்கு வெள்ளையடித்தார். மோட்டார் பழுதாகிக் கிணறு சும்மா கிடந்ததால், லாரியில் தண்ணீர் வரவழைத்துப் பாத்திகளை நனைத்தார். நல்ல கம்பங்கதிர் பத்தாமல் போக, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவந்து வாசலில் கட்டித் தொங்கவிட்டார். தவமணி அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓரத்தில் ஒரு பாத்தி கருகிக் கிடந்தது. அது இசக்கியம்மாளுடையது. இரண்டு தடவை விதைத்தாள். இரண்டு தடவையும் முளைத்து, மழையில்லாமல் தீய்ந்துபோனது. பேச்சும் அவளுக்குத் திக்கும். மனதில் பட்டதை யார் முகத்துக்கும் நேரே சொல்லிவிடுவாள்.

முந்தின நாள் சாயங்காலம் வைரவன் அந்தப் பாத்தியைச் சருகு போட்டு மூடச் சொன்னார். அவளைத் தனியே அழைத்தார்.

“நாளைக்கு ஒரு நாள் வீட்டுல இரும்மா.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை.

“ச... சரி சார்” என்றாள்.

வந்தவர்கள் மனம் குளிர்ந்துபோனார்கள். கதிர்களைத் தடவிப் பார்த்தார்கள். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பங்கூழை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒன்றியத் தலைவர் புறப்படும்போது வைரவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மழை பொய்ச்ச வருசத்துல இப்படி ஒரு செழிப்பா! அசந்துட்டேன் அய்யா.”

ஜீப் கண்ணுக்கு மறையும்வரை வைரவன் கைகூப்பியபடி நின்றார்.

மறுநாள் நிதியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவரும் ஒன்றிய அலுவலகம் போயிருந்தார். பள்ளியின் பெயர் வந்ததும் தலைவர் எழுந்தார். பாராட்டித்தான் பேசினார். பள்ளி தன் காலில் நிற்கிறது, இனி ஒன்றியத்தின் உதவி அதற்குத் தேவையில்லை, அந்தப் பணம் ஒன்றுமில்லாத இடத்துக்குப் போகட்டும் என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

“மோட்டார் ஓடலைங்க” என்றார் வைரவன் எழுந்து.

“பாத்தியில ஈரத்த எங்க கண்ணால பாத்தோமே அய்யா” என்றார் தலைவர், சிரித்த முகத்தோடு.

வைரவன் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் தவமணி அம்மாளிடம் சொன்னார். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, “வா” என்று ஓரத்துப் பாத்திக்கு நடந்தார்.

இசக்கியம்மாள் சருகை ஒதுக்கிவிட்டுக் கொத்திக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“வந்தவுக எ... என்ன கேட்டாக சார்?”

“நல்லா இருக்குன்னு சொன்னாக.”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லம்மா.”

“கேப்பாகன்னு நெனச்சேன். ரெண்டு நாளா சொ... சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். திக்காமச் சொல்லணும்னு.”

“என்ன சொல்ல இருந்த?” என்று கேட்டார் தவமணி அம்மாள்.

அவள் மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா நெலத்தச் சோலார் கம்பெனிக்குக் குடுத்துரலாம்னு சொல்லுதாரு. இந்தப் பாத்தி ஒரு தடவ வெளையட்டும், அப்புறம் பேசுங்கன்னு நிறுத்தி வச்சிருக்கேன். ரெண்டு தடவ போச்சு. எங்க தப்புப் பண்ணுறேன்னு கத்துக்க இன்னும் ஒரு வருசம் வேணும். அத... அதத்தான் சொல்ல இருந்தேன்.”

வைரவன் அவளிடம் செய்தியைச் சொன்னார். சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார். அவள் கொத்திய மண்ணைக் காலால் சமன் செய்தாள். பிறகு மண்வெட்டியைக் கழுவப் போனாள்.

அவள் தொட்டியடிக்குப் போனதும் வைரவன் தவமணி அம்மாள் பக்கம் திரும்பினார்.

“லாரி வந்தத நீங்க பாத்தீகளேம்மா. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கணும்” என்றார் தவமணி அம்மாள். “வெள்ளையடிச்ச செவரப் பாத்து எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. கூப்பிடச் சொன்னவ, எதக் காட்டணும்னு சொல்லாமப் போயிட்டேன்.”

வைரவன் ஒதுக்கிக் கிடந்த சருகைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்தக் காப்பாத்தணும்னுதாம்மா அந்தப் பிள்ளைய வீட்டுல இருக்கச் சொன்னேன்.”

தொட்டியடியில் இசக்கியம்மாள் மண்வெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தவமணி அம்மாள் அவளைப் பார்த்தபடியே சொன்னார்:

“நீ வீட்டுல இருக்கச் சொன்னது பள்ளிக்கூடத்தத்தான் வைரவா. மிச்சம் இருந்ததத்தான் அவுக வந்து பாத்துட்டுப் போனாக.”