கருமலைத் திராட்சை

கருமலையைப் பிடித்த அரசன் மகேந்திரவேள், "அங்கே ஒரு கூரைகூட எரியவில்லை. ஜனங்கள் தாங்களாகவே பணிந்துவிட்டார்கள்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்டை நாட்டு அரசர்களுக்கு விருந்து வைத்தான். கருமலையிலிருந்து சிறைபிடித்து வந்த பணிப்பெண் பூவாயியைக் கூப்பிட்டான்.

"நான் வென்ற வருஷத்துக் கருமலை மதுவைக் கொண்டு வா. பழைய ருசி அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்காது."

பூவாயி எல்லோருக்கும் ஊற்றினாள். அரசன் ஒரு வாய் குடித்துத் துப்பினான்.

"புகை நாறுகிறது. வேறெங்கோ விளைந்ததை ஊற்றி ஏமாற்றுகிறாயா?"

"குடித்ததுமே மண்ணைச் சொல்லிவிடுவீர்களாமே அரசே. இது எந்த மண் என்று நீங்களே சொல்லுங்கள்."

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசன் மறுபடியும் சுவைத்தான்.

"கருந்திராட்சையின் துவர்ப்பு. குளிரில் மெல்லப் பழுத்த புளிப்பு. கருமலைதான், சந்தேகமில்லை. பிறகு புகை எப்படி வந்தது?"

"பழுக்கிற சமயத்தில் பக்கத்தில் தீப்பிடித்தால் பழத்தோலில் புகை ஏறிவிடும். கழுவினாலும் போகாது. அந்த வருஷம் அங்கே எது எரிந்தது என்று அரசருக்குத்தான் தெரியும்."

விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

பூவாயி ஒரு கிண்ணத்தை எடுத்துச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். அவள் ஊரில் மிஞ்சியது அது ஒன்றுதான்.